கணக்கில் சேராத பரீட்சை

“ஃபர்ஸ்ட் குரூப் குடுக்காம நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன் டீச்சரம்மா. போலீஸக் கூப்பிட்டாலும் சரி.”

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னார் குமரகுரு. பக்கத்தில் அவர் மகள் சங்கரி தலைகுனிந்து நின்றாள். பத்தாவது பாஸ். பதினொன்றாம் வகுப்பில் சேர வந்திருக்கிறாள்.

“முதல்ல மாஸ்க்கை ஏத்துங்க” என்றார் தலைமையாசிரியை அகிலா. “மார்க் வரிசைப்படிதான் குரூப். ஃபர்ஸ்ட் குரூப் நிரம்பிடுச்சு. இவ மார்க்குக்கு ஜவுளித் தொழில் குரூப் இருக்கு. உங்களுக்கும் பழக்கமானதுதானே?”

“நெசவு கத்துக்க எதுக்கும்மா பள்ளிக்கூடம்? பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டுக்குள்ளயே நடக்குது. யூனிஃபார்ம்கூட வேணாம்.”

அகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“ரைஸ்மில்காரர் பொண்ணுக்கு மட்டும் குடுத்தீங்களே, அது எப்படி?” குமரகுரு விடவில்லை. “அந்தப் பொண்ணே இவகிட்டதான் கணக்கு கேட்டுக்கினு போவும். உங்க சட்டமெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான்.”

“அந்தப் பொண்ணு எல்லாப் பரீட்சையும் எழுதுச்சு. இவ எழுதல. கொரோனாவால பொதுத்தேர்வே நடக்கல. காலாண்டு, அரையாண்டு மார்க்கை வச்சுத்தான் இந்த வருஷம் மார்க் போட்டிருக்காங்க. காலாண்டுல கணக்குல இவதான் முதல். அரையாண்டுல கணக்கும் ஆப்சென்ட், அறிவியலும் ஆப்சென்ட். நான் என்ன பண்ணட்டும்?”

“அரைப் பரீட்சைய எவன் கணக்குல சேர்த்தான் இத்தினி வருஷமா? இப்போ திடீர்னு சேர்த்தா எப்படி?”

“சேரும்னு அப்போ யாருக்குங்க தெரியும்? எனக்கே தெரியாது. சரி, ஏன் வரல இவ?”

குமரகுரு ஒரு நொடி தயங்கினார்.

“காய்ச்சல்.”

“டாக்டர் சீட்டு இருக்கா? இருந்தா மேல எழுதிக் கேட்டுப் பாக்கறேன். ஒரு இடம் கூடுதலா குடுத்தாலும் குடுப்பாங்க.”

குமரகுருவின் முதுகு நிமிர்ந்தது. “நாளைக்கே கொண்டாறேன்மா.”

“எனக்குக் காய்ச்சல் இல்ல மிஸ்” என்றாள் சங்கரி. அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. “அம்மாவுக்குத்தான் டைஃபாய்டு.”

“நீ வாயை மூடு.”

“பொய் சீட்டு வாங்கி சேர வேணாம்பா.”

அகிலா குமரகுருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு எதிரே ரொம்ப நேரம் வீம்பு பிடிக்க முடியவில்லை.

“எங்களுது கோர்வைத் தறிம்மா” என்றார் தாழ்ந்த குரலில். “உடல் ஒரு கலரு, கரை வேற கலரு. நான் ஒருத்தனே நெய்ய முடியாது. பக்கத்துல உக்காந்து கரைக்கு நூல் ஓட்டுற நாடாவைத் தள்ள இன்னொரு கை வேணும். எப்பவும் இவ அம்மாதான். அவ படுத்துட்டா. தையில கல்யாணம், முகூர்த்தப் புடவை. மார்கழி பொறந்துட்டா வீட்டுக்குள்ள எடுக்க மாட்டோம், கார்த்திகைக்குள்ள குடுத்தே ஆவணும்னு கல்யாண வீட்டுக்காரங்க ஒத்தக்கால்ல நின்னாங்களாம். ஆர்டர் குடுத்த பட்டுக் கடைக்காரர் எங்க வாசல்லயே வந்து உக்காந்துக்கினாரு. இவ போறேன் போறேன்னு அழுதா. அரைப் பரீட்சைதானே, கணக்குல சேராது, உக்காருடின்னு நான்தான் உக்கார வச்சேன்.”

அகிலாவின் முகம் சிவந்துவிட்டது.

“அறிவிருக்கா உங்களுக்கு? நல்லாப் படிக்கிற பொண்ணு. அது தலையில கல்லைப் போட்டுட்டு இங்க வந்து என்கிட்ட சண்டை போடறீங்க. கேட்டவங்களாவது மனுஷங்களா? மார்கழியாம், கார்த்திகையாம்! ஒரு மாசம் கழிச்சு வாங்கினா கல்யாணம் நின்னுடுமா?”

குமரகுரு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“தப்புதாம்மா.”

“இந்தக் காரணத்தை நான் எப்படி மேல எழுதுவேன்? நீங்களே சொல்லுங்க.”

எழுந்திருக்க மாட்டேன் என்றவர் எழுந்தார். “கையெழுத்து எங்கம்மா போடணும்?”

ஜவுளித் தொழில் குரூப்பில் சங்கரி சேர்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷ வேலை.

வெளியே வந்து குமரகுரு வண்டியை நிழலிலிருந்து தள்ளினார். உடனே கிளப்பவில்லை. சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஃபர்ஸ்ட் குரூப் கெடச்சிருந்தா என்னாவா வந்திருப்ப நீ?”

“தெரியலப்பா. கணக்குப் போட்டுக்கினே இருந்திருப்பேன்.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏம்பா, அந்தப் புடவை யாரு வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஃபர்ஸ்ட் குரூப்ல எடம் கெடச்சிருக்கும்ல?”

“உன்ன உக்கார வச்சது நான். புடவை கேட்டவங்களுக்கு, தறியில நீ இருக்கிறது எப்படித் தெரியும்? அதச் சொல்லி இன்னொருத்தரும் தூக்கமில்லாம கெடக்கணுமா? நான் ஒருத்தன் கெடக்கறது போதும்.”

வண்டி கிளம்பியது. சங்கரி திரும்பி, தலைமையாசிரியை அறையின் ஜன்னலைப் பார்த்தாள். தை மாதம் வகுப்பே சேர்ந்து போன கல்யாணம் அது. தானும் அப்பாவும் சேர்ந்து போட்ட கோர்வையைத் தூரத்திலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மணவறையில் அந்தப் புடவையோடு உட்கார்ந்திருந்தது, அகிலா டீச்சரின் மகள்.