மோட்டார் ரூமிலிருந்து வந்த காலடி

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் களவு போனதிலிருந்து எபநேசர் யாரையும் நம்பவில்லை. சாயங்காலம் மோட்டார் ரூமைப் பூட்டி, முள்கிளையை இழுத்துச் சுற்றிலும் கரிசல் புழுதியைச் சமமாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கள்ளன் வந்தால் காலடி காட்டிக்கொடுக்கும்.

இன்று காலை பூட்டு அப்படியே இருந்தது. மோட்டாரும் இருந்தது. புழுதியில் காலடிகள் ரூமிலிருந்து வெளியே போயிருந்தன. உள்ளே போன தடம் ஒன்றுகூட இல்லை. இடது கால் தடத்தில் சுண்டுவிரல் கிடையாது. அவருக்கும் கிடையாது.

தடத்தோடே நடந்தார். அது அவர் வீட்டு வாசலில் முடிந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“ஏட்டி நேசம்மா, கதவத் தொற.”

உள்ளே அவர் மனைவி யாரிடமோ மெதுவாகச் சொன்னாள்: “ஏங்க, வெளிய எவனோ உங்கள மாதிரியே கூப்பிடுதான்.”

“தொறக்காத. கள்ளப்பய அப்படித்தான் கூப்பிடுவான்,” என்றது எபநேசரின் குரல்.