தனித் தட்டு

"அடுத்து, 'தனித் தட்டு' கவிதையை நம்ம ஜெப்சி வாசிப்பாங்க!"

அக்காள்மடம் சமுதாயக் கூடத்தில் கைதட்டல் அடங்க நேரமானது. சென்னையில் எந்தத் தெருவில் யாருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது, மீன் வாசத்துக்கு எந்த வாசலில் மூக்கைப் பொத்துவார்கள் என்றெல்லாம் எழுதிப் பேர் வாங்கிய கவிஞர். சொந்த ஊரில் வாசிப்பது இதுதான் முதல் தடவை.

ஜெப்சி வாசித்தாள்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. காலையில் அம்மா தரும் கசப்புச் சத்து மாத்திரையை விழுங்கியதும் காலிதா மாமி வீட்டுக்கு ஓட்டம். மாமி மகள் மாஷிதாவோடு நாளெல்லாம் கரையில் சிப்பி பொறுக்கல். எல்லாம் இனித்தது, சோற்று வேளை வரும்வரை.

பெரிய சகன் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, எல்லோரும் அதிலேயே கை போட்டுச் சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். ஜெப்சிக்கு மட்டும் ஓரம் நெளிந்த அலுமினியத் தட்டு. அடுத்த வருஷமே மதுரை விடுதிக்குப் படிக்கப் போய்விட்டாள். தட்டு மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

"எங்கய்யா பிடித்த மீன் சகனுக்குள்ளே. எங்கய்யா பெத்த பிள்ளை சகனுக்கு வெளியே" என்று முடித்தாள்.

முன்வரிசையில் இருந்த உள்ளூர்ப் பள்ளி செவ்வந்தி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்த வீட்டுக்காரங்க இதுக்கு என்னம்மா சொல்வாங்க?"

கடைசி வரிசையில் முக்காட்டைச் சரிசெய்தபடி ஒரு பெண் எழுந்தாள். காலிதா மாமி!

"அது எங்க வீடுதான்."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றார் டீச்சர்.

மாமி ஜெப்சியையே பார்த்தாள்.

"பிள்ளை மனசு அம்புட்டு நொந்திருக்கும்னு தெரியாமப் போச்சு. தப்புதான். மன்னிச்சுக்க மகளே."

கூடமே 'உச்' கொட்டியது. "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றது ஒரு குரல். மாமி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இருபத்தைந்து வருஷ முள்ளைப் பிடுங்கிய நிம்மதியோடு, கூட்டத்தில் போர்த்திய சால்வையும் கையுமாக ஜெப்சி வீட்டுக்கு வந்தாள். அம்மா ஹெலன் கொல்லையில் நகரை மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் என்ன எழுதுகிறாள் என்று கேட்டதும் இல்லை. இன்றைக்கு ஜெப்சியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அரிவாள்மணையில் கை நின்றது.

"காலிதாவா மன்னிப்புக் கேட்டா? அத்தனை பேரு முன்னாடியுமா?"

"ஆமா. கேக்க வேண்டியதுதானே?"

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?"

அம்மா கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தாள்.

"அது சத்து மாத்திரை இல்லடி. உனக்கு அப்ப டிபி. வெளிய தெரிஞ்சா பொட்டப்பிள்ளை வாழ்க்கையே போயிரும்னு உங்கிட்டகூட மறைச்சேன். காலிதாட்ட மட்டும் மறைக்க மனசு வரல. அவளுக்கும் பிள்ளை இருக்குல்ல? 'இனிமே உன் மகள அனுப்பாத'ன்னு சொல்லுவான்னு நெனச்சுத்தான் போனேன். 'தட்டைத் தனியா வச்சுக்கிறேன், நீ அனுப்பு'ன்னுட்டா. சாகுற வரைக்கும் வாயத் தெறக்க மாட்டேன்னு கையில அடிச்சும் குடுத்தா."

ஜெப்சி கையிலிருந்த சால்வை நழுவியது.

"தெரிஞ்சிருந்தா இந்த ஊர்ல ஒரு வாசலும் உனக்குத் தெறந்திருக்காது. அவ தெரிஞ்சே தன் மக பக்கத்துல உன்னை உக்கார வச்சுச் சோறு போட்டா. தட்டு மட்டும்தான்டி வேற!"