வியாழக்கிழமை அக்கா

"டாக்டர், இது எங்க அக்கா இல்ல."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்படிச் சொன்னவரை அந்த மனநலக் காப்பகத்தில் பட்டன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கிருக்கும் நாற்பது பேரின் சட்டைகளுக்கும் அவர்தான் பட்டன் தைப்பார். தொற்று வந்து இரண்டு வருஷமாக, பார்க்க வருகிறவர்களுக்குத் தலையுறை, முகக்கவசம், வியாழக்கிழமை பத்து நிமிடம். பேச்சு, சுவரில் மாட்டிய இன்டர்காம் பெட்டி வழியாக.

"நல்லாப் பாருங்க, அதே புடவைதானே?" என்றார் டாக்டர். அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"புடவை அவளோடதுதான். குரல்கூட அவளை மாதிரிதான். ஆனா அக்கா வந்ததும் திட்டுவா டாக்டர். 'ஏன்டா தடிமாடு, சவரம் பண்ணலையா'ம்பா. இவ மாசக்கணக்கா 'சாப்பிட்டியா'ன்னு பதவிசா கேக்குறா."

"ஏன்டா தடிமாடு..." என்று தயங்கித் தயங்கி வந்தது பெட்டியிலிருந்து.

"பாத்தீங்களா? எடுத்துக் குடுத்ததும் ஒப்பிக்கிறா!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பழைய கோப்பைப் புரட்டினார். "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே மாதிரி சொல்லியிருக்கீங்க. வேற யாரோன்னு நினைச்சு, அக்கா கொண்டுவந்த சாப்பாட்டை ஆறு நாள் தொடல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அப்ப வந்தது அக்காதான். நோவுதான் என்னை அப்படிப் பேச வெச்சுது."

"இப்பவும் அதேதான். ஆளாளுக்கு முகத்தை மூடிக்கிட்டு ரெண்டு வருஷம்னா யாருக்குத்தான் குழம்பாது? அந்தப் பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சிடலாம்."

பட்டன்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அதைப் போட்டா கை நடுங்கும் டாக்டர். ஊசியில நூல் கோக்க வராது. போன தடவை ஒரு வருஷம் சும்மா உக்காந்திருந்தேன்."

"வேற வழியில்லைங்க."

அவர் கண்ணாடியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தோள் தளர்ந்தது.

"எனக்கே ஒண்ணும் புரியல. கண்ணு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. என் கண்ணு ஏற்கெனவே ஒரு தடவை ஏமாத்தினதுதானே? எழுதிடுங்க." கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "கோச்சுக்காதக்கா. நீதான்னு நம்பத்தான் பாக்குறேன்."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

கண்ணாடியை யாரோ படபடவென்று தட்டினார்கள். எழுந்து நின்றிருந்தவள் தலையுறையையும் முகக்கவசத்தையும் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

"எழுதாதீங்க டாக்டர்! மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சா தாங்கமாட்டாருன்னு நான்தான் அம்மா புடவையைக் கட்டிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கேன். அம்மா தொற்றுல போய் எட்டு மாசம் ஆச்சு."