பள்ளத்தில் ஓடும் கார்

வனஜா ஸ்லாட் காரை மல்லாத்திப் பிடித்து, பின்சக்கரங்களைப் பெட்ரோல் துணியால் துடைத்தாள்.

பக்கத்தில் அவள் கணவன் வேலுசாமி, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய மெக்கானிக் மாதிரி உட்கார்ந்திருந்தான். அது சும்மா ஒரு வேஷம்.

கார் கைக்குள் அடங்குகிற அளவுதான். ரிச்சி தெருவில் வாங்கிய டேப் ரெக்கார்டர் மோட்டார், பவுடர் டப்பாத் தகரத்தில் வெட்டிய பாடி. அடியில் ஒரு ஆணி. அது பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கிக் காரை நேராக ஓட வைக்கும். ஆணிக்கு இரண்டு பக்கமும் செம்பு நார். பள்ளத்தின் ஓரத்தில் ஒட்டிய செம்புப் பட்டியிலிருந்து கரண்டை எடுப்பது அதுதான்.

நாரை அவள் நகத்தால் நீவி விட்டாள். அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு. கூடிப்போனால் டயருக்கு வழிந்து வழுக்கிவிடும்.

ஆவடி குவார்ட்டர்ஸ் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை. டி.வி.யில் தொடர் முடிந்ததும் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலகை, அதில் இரண்டு பள்ளம், இரண்டு கார். தலைமாட்டில் ஒரு பச்சை டார்ச் பல்ப். அது எரிந்ததும் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். முதலில் போய்ச் சேர்கிற காருக்குக் கப்.

இரண்டு வருஷமாகக் கப் வேலுசாமிக்குத்தான். பல்ப் எரிவதற்கும் அவன் கார் கிளம்புவதற்கும் நடுவில் ஊசி நுழையாது என்பார்கள்.

"வண்டிய ரெடி பண்றது அண்ணி, கப்பத் தூக்கினு போறது அண்ணனா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேலி செய்தான்.

வனஜா சிரித்து வைத்தாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது அவள் ஒருத்திக்குத்தானே தெரியும்.

வேலுசாமிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஓரங்கள் போயின. இப்போது நடுவிலும் புகைமூட்டம். தொழிற்சாலையில் அவன் ஓவர்ஹெட் கிரேன் ஆபரேட்டர். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்கள். இரண்டு பெண் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? யோசித்து யோசித்து அவளுக்கு அழுகைகூட வற்றிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எத்தனை நாளைக்கு நடக்கும்?

அதற்காகத்தான் இந்த ரேஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை ஆபீசர்களெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பல்ப் எரிந்த மாத்திரத்தில் அமுக்குகிறவனின் கண்ணை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

உண்மையில் அவன் பல்பைப் பார்ப்பதே இல்லை. பல்புக்கான ஸ்விட்ச்சைப் போடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அவன் அமுக்குவது அந்தச் சத்தத்துக்கு.

ஸ்விட்ச் தங்கவேலின் பொறுப்பு. கிரேனுக்குக் கீழே நின்று சுமைக்குச் சங்கிலி மாட்டுகிற கலாசி அவன். முன்பெல்லாம் ஏற்று, இறக்கு என்று கையால் சைகை காட்டுவான். இப்போது கொஞ்ச நாளாகக் கத்துகிறான் என்று வேலுசாமி சொல்லியிருந்தான். போன வாரம் சுமை இறங்கியதில் தங்கவேலின் கால்விரல்கள் நசுங்கின. தானே காலை நீட்டிவிட்டதாக அவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.

காலில் போட்ட கட்டோடு நொண்டிக்கொண்டே நேற்று வீட்டுக்கு வந்து, "அண்ணாத்தே, நீ கண்டி வரலன்னா ரேஸே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். வனஜா அவனை மனசுக்குள் கும்பிட்டாள்.

கடைசி ஓட்டம் வந்தது. எதிராளி நாகேந்திரன், புதிதாக வேலைக்கு வந்த இன்ஜினியர்ப் பையன்.

வனஜா காரைப் பள்ளத்தில் இறக்கினாள். பட்டனைக் கணவனின் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தாள். சட்டையைச் சரிசெய்கிற சாக்கில் அவனைப் பல்ப் இருக்கும் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

டக்.

வேலுசாமியின் கார் சீறிக்கொண்டு போய், அந்தக் கோடியில் வைத்திருந்த தலையணையில் மோதி நின்றது.

நாகேந்திரனின் கார் நின்ற இடத்திலேயே நின்றது. அவன் அமுக்கவே இல்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹாலில் எல்லாருமே பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பல்ப் எரியவில்லை.

ஃப்யூஸ் போயிருக்கும் என்று நினைத்தாள் வனஜா. கடவுளே, ஃப்யூஸ் போனதாகவே இருக்கட்டும்.

தங்கவேல் நொண்டியபடி நேராகப் போய் பல்பை ஒரு திருகு திருகினான். பச்சை வெளிச்சம் வந்தது. தளர்த்தி வைத்தவனுக்குத்தானே எங்கே இறுக்க வேண்டும் என்று தெரியும்.

அவன் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அவனைச் சபிக்க அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக் காலையில் மறுபடி அந்தக் கிரேனுக்குக் கீழே போய் நிற்க வேண்டியவன் அவன்.

கைதட்டல் வராததில் வேலுசாமிக்குக் குழப்பம். மனைவி நிற்கிறாள் என்று நினைத்து நாகேந்திரன் பக்கம் சாய்ந்தான். மெதுவாகத்தான் கேட்டான். ஆனாலும் முன்வரிசை வரைக்கும் அது கேட்டது.

"இன்னா வனஜா, ஜெயிச்சது நம்ம வண்டிதானே?"