ஒன்பதாம் தொட்டி

உரக்குழிக்குள் இறங்கும்போது அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

முழங்கால்வரை புதைந்தாள். அழுகும் தழையின் வெம்மை புடவையைத் தாண்டிச் சுட்டது. இரு கைகளாலும் வாரி வாரிப் புரட்டினாள்.

அவள் தேடியது ஓர் அவரைக் கொடியை. நான்கு நாட்களுக்கு முன்பு அவளே வேரோடு பிடுங்கி, இங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொன்ன கொடி.

விதைக் காப்பகத்தில் அவள் பணிக்குச் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. குளிரறையில் உறங்கும் பழைய பயிர்களின் விதைகளை, அவற்றின் உயிர் போவதற்குள் வெளியே எடுத்து, முளைக்கவைத்து, புது விதை சேர்ப்பது அவளுடைய வேலை. இம்முறை எடுத்த அவரைக்கு வேறெங்கும் விதை கிடையாது. அது விளைந்த மலையடிவாரம் அணைநீருக்கு அடியில் போய்விட்டது. பொட்டலத்தில் பன்னிரண்டு விதைகள் இருந்தன. பன்னிரண்டு தொட்டிகளில் பன்னிரண்டும் முளைத்தன. அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினொரு கொடிகள் வெள்ளையாகப் பூத்தன. ஒன்பதாம் தொட்டி மட்டும் ஊதாவாகப் பூத்தது.

அந்தத் தொழிலில் இதற்கு இரண்டாம் பேச்சே இல்லை. கூட்டத்தோடு ஒத்துப்போகாத செடி, கலப்பு. மகரந்தம் பரவுமுன் பிடுங்கிவிட வேண்டும்.

பிடுங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மருமகளிடம் குறை தேடும் மாமியாரே இவளிடம் வந்து பாடம் கேட்க வேண்டும் என்று உரக்குழிக்காரர் கேலி செய்வார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். விதை வந்து சேர்ந்தபோது அதன் விவரங்களை எழுதிவைத்த சேகரிப்புத் தாளை ஒரு முறை பார்த்துவிட்டுப் பிடுங்கும் வழக்கம் என்றோ விட்டுப்போயிருந்தது. கண் சொன்னால் போதும், கை பிடுங்கிவிடும்.

இன்று காலை, விவரங்களைப் பதிவதற்காக அந்தப் பழைய தாளைக் கோப்பிலிருந்து உருவினாள். 'பூவின் நிறம்' என்ற சொற்களுக்கு எதிரே 'ஊதா' என்றிருந்தது.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

உரக்குழிக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாமும் இறங்கினார். மண்வெட்டி பட்டால் கொடி அறுந்துபோகும் என்று அவருக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வழக்கமான கேலி எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுவே அவளை மேலும் அச்சுறுத்தியது.

அவர்தான் கண்டெடுத்தார்.

கொடி ஈரக் கயிறுபோல் துவண்டிருந்தது. பூக்கள் கறுத்து ஒட்டிக் கிடந்தன. அவள் தண்டை நகத்தால் சுரண்டினாள். பழுப்பு. ஒரு கணு கீழே இறங்கிச் சுரண்டினாள். அங்கும் பழுப்பு. வேர்வரை போனாள். தோல் அவள் விரலோடு வழுக்கிக்கொண்டு உரிந்து வந்தது. எங்கும் பச்சை இல்லை.

நுனியில் ஒரே ஒரு பிஞ்சு இருந்தது. அதைப் பிளந்தாள். விதை கட்டியிருக்கவில்லை. ஒரு சொட்டு நீர் கசிந்தது.

உரக்குழிக்காரர் கறுத்த பூ ஒன்றைக் கொடியிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தார்.

"பூ அழகா இருந்துதும்மா. அன்னிக்கே கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க பிடுங்கினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை விரித்தாள். தான் தவறாகப் படித்திருக்கக்கூடும் என்ற நப்பாசை இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

ஊதா என்றுதான் எழுதியிருந்தது.

அதற்குக் கீழே, காலையில் அவள் கவனிக்காத வரி இருந்தது. 'பெறப்பட்ட விதைகள்: 12'.

வெயிலில் பார்த்தபோது '1' என்ற இலக்கம் நீல மையிலும், அதை ஒட்டியிருந்த '2' கறுப்பு மையிலும் தெரிந்தன. அந்த '2'-இன் வால் மேல்நோக்கிச் சுழிந்திருந்தது. அவள் இன்றும் '2'-ஐ அப்படித்தான் எழுதுகிறாள்.

பத்து விதைகளுக்குக் குறைந்தால் பொட்டலத்தைக் குளிரறைக்குள் விடக்கூடாது, கழித்துவிட வேண்டும் என்பது அக்காலத்து விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒற்றை விதையைக் குப்பைக்கூடையில் போட மனம் வராத ஒரு பெண், அதே நிறத்தில், அதே பருமனில் பதினொரு சந்தை அவரை விதைகளைப் பொறுக்கி அதற்குத் துணையாகச் சேர்த்திருந்தாள்.

அந்த ஆண்டு அவள் இப்படி எத்தனை பொட்டலங்களைக் காப்பாற்றினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.