காணாமற்போன மாடி

பழைய போட்டோவும் கையுமாக வந்த தொல்லியல் அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம். சுரங்க ஊரின் புகழ்பெற்ற பள்ளிக்கூடம் போட்டோவில் இரண்டடுக்கு அரண்மனை. நேரில் ஒரே அடுக்குதான்.

"வாசலையும் காணோம், ஜன்னல் வழியாத் தாவி வரேன்! என்ன அநியாயம் இது?"

"மெல்ல நடங்க சார்," என்றார் தலைமையாசிரியை.

"இன்னிக்கு லீவுதானே, யாருக்குத் தொந்தரவு?" அதிகாரி வேண்டுமென்றே தரையை ஓங்கி மிதித்தார். "மாடியை இடிச்சு முழுங்கினது யாரு? உங்க வேலைக்கே உலை வச்சிடுவேன்!"

"யாரும் இடிக்கல சார். நாம நிக்கிறதுதான் மாடி."

"அப்போ கீழ்த்தளம்?"

"அடியில சுரங்கம் தோண்டத் தோண்ட, அது மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு. இன்னும் இறங்கிட்டுதான் இருக்கு. அதனாலதான் மெல்ல நடங்கன்னேன்."

அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் ஜன்னலைத் தேடிப் போனார்.