முத்திரையைச் சுற்றி ஒரு கோடு

தமயந்தி மெருகு போடக் கொண்டுவந்த வெள்ளிப் பாலாடையின் அடியில், சுத்தமானது என்பதற்கான மயில் முத்திரை இருந்தது. பழைய வெள்ளி எது வந்தாலும் செய்வதுபோல மாசிலாமணி பத்தர் அதன்மேல் வாயால் ஊதினார். ஆவி படர்ந்ததும், முத்திரையைச் சுற்றிப் பற்றவைத்த கோடு சதுரமாகத் தெரிந்தது. உடைந்த வெள்ளிக் கிண்ணத்திலிருந்து மயிலை மட்டும் வெட்டியெடுத்து, காரீயம் கலந்த இந்தப் பாலாடையில் பதித்தது அவர் கைதான்.

"மயிலப் பாத்துத்தான் உங்ககிட்ட வாங்கினோம். மூத்தவனுக்கு இதுலதான்யா பால் புகட்டினேன். நாலு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல." அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அடுத்ததுக்கும் இதேதான்."

ஆவி மறைந்தது. கோடும் மறைந்தது. மயில் மட்டும் பளிச்சென்று நின்றது.

"எப்பய்யா வந்து வாங்கிக்கட்டும்?"

பாலாடையைப் பொத்திய கையைப் பத்தர் திறக்கவே இல்லை.